நிக்கலால் புகழ் பெற்ற பால் சபாட்டியர்

எங்கள் ஊர் இரும்புலியூர். பெயரிலேயே இரும்பும் இருக்கிறது, புலியும் இருக்கிறது என்று வகுப்பில் தோழியர் என்னைக் கேலி செய்வது வழக்கம். தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையோடு புறவழிச்சாலை வந்து கூடுகிற இடம் என்றால் எல்லாருக்கும் தெரியும். இரும்பும் புலியும் உள்ள ஊர்க்காரியாகிய நான் எழுத வந்திருப்பதோ வேறோர் உலோகத்தைப் பற்றியும், அதை வைத்து உலகப் புகழ் பெற்ற ஒரு பேராசிரியரைப் பற்றியும்.

சென்ற கோடை விடுமுறையில் பாட்டியின் தகரப் பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது ஒரு பழைய ரூபாய்க் காசு அகப்பட்டது. 1947ஆம் ஆண்டுக் காசு. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறு பக்கம் புலி! அதை வெள்ளி என்று நம்பித்தான் பாட்டி இத்தனை காலம் பட்டுத்துணியில் முடிந்து வைத்திருந்தார். நான் விளையாட்டாகக் காந்தத்தை அருகில் கொண்டு போனேன். காசு துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. அது முழு நிக்கல் காசு. இரண்டாம் உலகப் போரினால் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கால், அரை, முழு ரூபாய்க் காசுகளை நிக்கலில் அடித்தார்கள். 1957இல் நயா பைசா முறை வந்த பிறகு அடித்த 25, 50 நயா பைசாக்களும் நிக்கலே. பாட்டிக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆயினும் முடிச்சை அவிழ்க்கவில்லை.

நிக்கல் நம் வீடு முழுவதும் ஒளிந்திருக்கிறது. நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், முழு நிக்கல் காசு காந்தத்தில் ஒட்டும், நிக்கல் கலந்த அந்த எவர்சில்வர் தூக்கு ஒட்டாது. குழாய்களின் பளபளப்புக்கு அடியில் நிக்கல் முலாம் இருக்கிறது. இன்று புழங்கும் 20 ரூபாய்க் காசிலும் நிக்கல் கலந்திருக்கிறது. திருவிழாக் கடையில் வாங்கும் மலிவுக் கம்மலிலும் அது இருக்கும். என் காது மடல் இரண்டும் புண்ணாகி, அது நிக்கல் ஒவ்வாமை என்று டாக்டர் சொன்ன பிறகே இந்த உலோகத்தின்மேல் எனக்குக் கவனம் விழுந்தது.

இதன் பெயருக்கே ஒரு கதை உண்டு. ஜெர்மனியச் சுரங்கத் தொழிலாளர் செம்பு என்று எண்ணி ஒரு சிவந்த தாதுவை உருக்கினார்கள். செம்பு வரவில்லை, அதிலிருந்த ஆர்சனிக் நச்சுப்புகைதான் வந்தது. சுரங்கத்துக் குறும்புப் பேய் செய்த வேலை என்று சொல்லி அத்தாதுவுக்குப் பேயின் பெயரை வைத்தார்கள். 1751இல் சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட் ஆராய்ந்து இது ஒரு புதிய உலோகம் என்று கண்டபோது, அந்தப் பேய்ப் பெயரின் பாதியே உலோகத்துக்கு நிலைத்துவிட்டது. கனடா, இந்தோனேசியா, பிரெஞ்சுக்காரரின் நியூ கலிடோனியா தீவு ஆகிய இடங்களில் இது மிகுதி. நம் நாட்டில் ஒடிசா மாநிலத்துச் சுகிந்தாவில், குரோமியச் சுரங்கங்களின் மேல்மண்ணில் இருக்கிறது. எனினும் நமக்கு வேண்டிய நிக்கலில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது.

பேய் என்று ஏசப்பட்ட இவ்வுலோகத்துக்குப் பெருமை தேடித் தந்தவரே பால் சபாட்டியர். பிரெஞ்சு உச்சரிப்பில் அவர் பெயர் சபாத்தியே. நம் பாடநூல்கள் சபாட்டியர் என்று எழுதுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

தென் பிரான்சில் கர்கசோன் என்னும் பழைய கோட்டை நகரில் 1854ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அவர் பிறந்தார். செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்கள், அதன் மதிலுக்குள் ஓர் ஊரே குடியிருப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் கர்கசோனை ஓரளவு காணலாம். சபாட்டியருக்கு ஓர் அக்காள் இருந்தார். தம்பியின் படிப்புக்குத் துணை செய்வதற்காகவே அவர் இலத்தீனும் கணிதமும் கற்றார். அக்காலத்தில் பெண்கள் இவ்விரண்டையும் படிப்பது மிக அரிது. தமக்கெனப் பள்ளிக்குப் போகாமல் தம்பிக்கெனப் புத்தகம் திறந்த அந்த அக்காளை இக்கட்டுரையில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

தம்பி ஏமாற்றவில்லை. 1874இல் பாரிஸில் ஆசிரியர்களை உருவாக்கும் மிகச் சிறந்த கல்லூரியில் இடம் பெற்று, 1877இல் முதல்வனாகத் தேறினார். ஓராண்டு நீம் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு பாரிஸில் பெரும் புகழோடு விளங்கிய பெர்த்தலோ என்னும் வேதியியல் அறிஞரின் உதவியாளராகி, 1880இல் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் வாங்கியவர்கள் பாரிஸை விட்டு நகர விரும்பாத காலம் அது. சபாட்டியரோ தென்திசைக்கே திரும்பினார். 1882இல் துலூஸ் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1884இல், முப்பது வயது நிறைந்த உடனே, வேதியியல் பேராசிரியரானார். அதன்பின் சாகும் வரையில் அந்த ஊரை விட்டு அவர் போகவேயில்லை.

இனி நிக்கல் கதைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் லுட்விக் மோண்டு என்பவர் ஒரு ரசாயனத் தொழிற்சாலை நடத்திவந்தார். அங்கே நிக்கலால் செய்த வால்வுகள் அடிக்கடி கறுத்துப் பழுதாயின. காரணம் தேடியபோது, கார்பன் மோனாக்சைடு வாயு இளஞ்சூட்டில் நிக்கலோடு கூடி, அதையும் ஒரு வாயுவாக்கித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது என்று 1890இல் தெரிந்தது. கெட்டியான உலோகம் காற்றாகப் பறக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? அந்த வாயுவை மேலும் சூடாக்கினால் தூய நிக்கல் மீண்டும் படிந்துவிடும். நிக்கலைத் தூய்மை செய்ய இன்றும் இம்முறை பயன்படுகிறது. அந்த வாயு கொடிய நஞ்சு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துலூஸில் இதைப் படித்த சபாட்டியருக்கு ஒரு கேள்வி எழுந்தது. கார்பன் மோனாக்சைடு நிக்கலோடு கூடுமானால், அதைப் போலவே இன்னும் சிலவற்றோடு கூட இடம் வைத்திருக்கும் பிற வாயுக்கள் ஏன் கூடக்கூடாது? இந்த ஆராய்ச்சியில் அவருக்குத் துணையாக வந்தவர் ஒரு குருவானவர். துலூஸ் கத்தோலிக்கக் கழகத்தில் வேதியியல் கற்பித்த ழான் பப்தீஸ்த் செண்டரன்ஸ் அடிகளார்தாம் அவர். சபாட்டியரைவிடச் சற்று இளையவர். ஒருவர் அரசுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், மற்றவர் அங்கி அணிந்த குரு. இருவரும் ஒரே மேசையில் கண்ணாடிக் குழாய்களைச் சூடாக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

1896இல் பாரிஸில் மோய்சான், முரோ என்னும் இருவர் சூடான நிக்கல் தூளின்மீது அசெட்டிலீன் வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். தூள் கனன்றது, கரி படிந்தது, ஹைட்ரஜன் வந்தது. அவ்வளவில் விட்டுவிட்டார்கள். இதை அறிந்த சபாட்டியர் உடனே தம் சோதனையில் இறங்கவில்லை. மேற்கொண்டு ஆராயப்போகிறீர்களா என்று முதலில் மோய்சானைக் கேட்டார். இல்லை என்று பதில் வந்த பிறகே தொடங்கினார். பிறர் வயலில் கேளாமல் ஏர் பூட்டாத இந்தக் குணம் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது எதிலீன் வாயு. வாழையும் மாம்பழமும் பழுக்கும்போது தாமே வெளிவிடுகிறதே, அதே வாயுதான். நிக்கல் ஆக்சைடை ஹைட்ரஜனில் சூடாக்கினால் மிக நுண்ணிய நிக்கல் தூள் கிடைக்கும். வெளிக்காற்றுப் பட்டால் தீப்பற்றக்கூடிய அளவுக்கு நுண்மையான தூள் அது. அத்தூளின்மீது எதிலீனைச் செலுத்தினார்கள். கரி படிந்தது. ஆனால் வெளியே வந்த வாயு வெறும் ஹைட்ரஜன் அன்று. அதில் ஈத்தேன் கலந்திருந்தது. எதிலீனில் ஹைட்ரஜன் அணுக்கள் நான்கு, ஈத்தேனில் ஆறு. மிகுதி இரண்டும் எங்கிருந்து வந்தன? கொஞ்சம் எதிலீன் சிதைந்து ஹைட்ரஜனை விட்டிருக்க வேண்டும்; நிக்கல் அந்த ஹைட்ரஜனைப் பிடித்து மீதி எதிலீனுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் ஹைட்ரஜனை நாமே சேர்த்து அனுப்பினால் என்ன? 1897இல் எதிலீனையும் ஹைட்ரஜனையும் கலந்து அனுப்பினார்கள். மெல்லிய சூடே போதுமானதாயிருந்தது. எதிலீன் ஈத்தேனாக மாறிற்று. நிக்கல் தூளோ செலவாகாமல் அடுத்த வேலைக்குக் காத்திருந்தது.

தான் செலவாகாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருளை வினையூக்கி என்று நாம் படிக்கிறோம். அது வரையில் இத்தகைய வேலைக்கு அறிஞர்கள் பெரிதும் நாடியது விலையுயர்ந்த பிளாட்டினத்தை. காசு அடிக்கிற நிக்கல் அந்த வேலையைச் செய்யும் என்று துலூஸ்காரர்கள் காட்டிவிட்டார்கள். 1901இல் பென்சீன் ஆவியை நிக்கல்மீது செலுத்தி வளைய ஹெக்சேன் ஆக்கினார்கள். 1902இல் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் கொண்டு மீத்தேனும் நீரும் பெற்றார்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் இரண்டு பெயர்களும் அருகருகே அச்சாயின.

வேலை எளிதாக நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கந்தகமோ குளோரினோ சிறிதளவு கலந்துவிட்டால் போதும், நிக்கல் செயலற்றுப் போகும். வினையூக்கிக்கு விஷம் ஏறிவிட்டது என்றே இதைச் சொல்வார்கள். எங்கள் ஆய்வகத்தில் குழாயைச் சரியாகக் கழுவாததற்காக சிஸ்டரிடம் திட்டு வாங்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துலூஸ் ஆய்வகம் நினைவுக்கு வரும். நிக்கல் எப்படி இதைச் செய்கிறது என்பதற்கும் சபாட்டியர் ஒரு விளக்கம் தந்தார். வாயு வெறுமனே உலோகத்தின் துளைகளில் நெருக்கப்படுவதால் வினை நிகழ்கிறது என்று பலர் கருதினர். அவரோ, உலோகத்தின் மேற்பரப்பில் நிலையற்ற ஒரு சேர்மம் கணநேரம் உண்டாகி, உடனே பிரிந்து ஹைட்ரஜனை ஒப்படைத்துவிடுகிறது என்றார். இன்றைய அறிஞரின் கருத்து அவர் சொன்ன வழியிலேயே வளர்ந்திருக்கிறது.

1905இல் சபாட்டியர் அறிவியல் துறையின் டீன் ஆனார். 1907இல் மோய்சானும் பெர்த்தலோவும் அடுத்தடுத்து மறைந்தார்கள். பாரிஸில் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. பிரான்சில் ஓர் அறிஞருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு இல்லை. அவர் போகவில்லை. பாரிஸில் குடியிருப்பவர்தாம் அறிவியல் அகாடமியின் முழு உறுப்பினராகலாம் என்று அப்போது விதி இருந்தது. அந்தப் பெருமையும் கிட்டாது என்று தெரிந்தே துலூஸில் தங்கினார். கடைசியில் அகாடமிதான் இறங்கி வந்தது. வெளியூர்க்காரருக்கென 1913இல் புதிய இடங்களை ஏற்படுத்தி, அவற்றில் முதலாவதாக அவரைத் தேர்ந்தெடுத்தது. தாம்பரத்திலிருந்து தினமும் மின்ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வரும் என் அப்பா, இந்தப் பகுதியை மட்டும் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

வீட்டில் அவருக்குத் துயரம் இருந்தது. மனைவி முன்னதாகவே இறந்துவிட, நான்கு பெண்மக்களோடு வாழ்ந்தார். அதிகம் பேசாதவர். தோட்டவேலையில் ஆர்வம் உள்ளவர்.

1912ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு சபாட்டியருக்கும் விக்தர் கிரிஞ்ஞார் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கிரிஞ்ஞார் வேறொரு கண்டுபிடிப்புக்காகப் பெற்றார். நிக்கல் ஆராய்ச்சிக்கு உரிய பாதி முழுவதும் சபாட்டியர் ஒருவருக்கே. 1905இல் பிரெஞ்சு அகாடமி தன் பரிசை இருவருக்கும் சேர்த்து அளித்திருந்தது. ஆனால் ஸ்டாக்ஹோமில் செண்டரன்ஸ் அடிகளாரின் பெயர் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு முகம் சுட்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த ஓர் அறிவியல் கண்காட்சியில் நானும் என் தோழியும் நிக்கல் முலாம் பூசும் முறையைச் செய்து காட்டினோம். பச்சைநிற நிக்கல் சல்பேட் கரைசல், ஒரு பேட்டரி, ஒரு செப்புச் சாவி. கரைசலின் அளவை ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிசெய்தவள் அவள். சீருடையில் பச்சைக் கறை வாங்கியவளும் அவளே. நன்றாகப் பேசுவேன் என்பதால் நடுவர்களுக்கு விளக்கியது நான். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. என் பெயரை எழுதினோம். இரண்டாம் பரிசு கிடைத்தது. மேடையில் நான் மட்டும் ஏறினேன். அவள் கீழே நின்று கைதட்டினாள். ஒலிபெருக்கி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

சபாட்டியரைக் குறை சொல்ல நான் யார்? பரிசை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தவர் அவர் அல்லர். முதல் கேள்வியும் அவருடையதே. துணைவர் பிரிந்த பிறகும் மாணவர்களோடு ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1913இல் வினையூக்கிகளைப் பற்றி ஒரு பெருநூலும் எழுதினார். என்றாலும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் நான் ஒவ்வொரு முறையும் நின்று நின்று படிப்பது இந்த 1912ஆம் ஆண்டைத்தான். செண்டரன்ஸ் அடிகளார் ஆராய்ச்சியையும் குருத்துவப் பணியையும் விடாமல் 1937 வரை வாழ்ந்தார்.

அந்த 1937ஆம் ஆண்டுதான் நம் நாட்டுச் சமையலறைக்கு டால்டா வந்தது. அதற்கும் சபாட்டியருக்கும் என்ன உறவு என்கிறீர்களா? சபாட்டியர் ஆவிகளையும் வாயுக்களையும் கொண்டே வேலை செய்தார். திரவ எண்ணெயில் நிக்கல் தூளைக் கலந்து ஹைட்ரஜனைச் செலுத்தலாம் என்று அவர் எண்ணவில்லை. அதை எண்ணியவர் ஜெர்மனியரான வில்ஹெல்ம் நார்மன். 1902இலேயே காப்புரிமையும் வாங்கிவிட்டார். எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற ஏற அது நெய்போல உறைகிறது. பிறகு நிக்கலை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். இப்படித்தான் வனஸ்பதி பிறந்தது. நம் பேராசிரியரின் பெயரோ பால். அவர் ஆராய்ச்சியின் வழியே வந்ததோ பால் இல்லாத நெய்!

மஞ்சள் தகர டப்பாவில் பச்சைப் பனைமரம் போட்ட டால்டாவைப் பாட்டி தலைமுறையினர் மறக்கமாட்டார்கள். நெய் வாங்க முடியாத வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகாரம் மணந்தது அதனால்தான். காலியான டப்பாவில் அரிசி அளப்பார்கள், துளசியும் ரோஜாவும் வளர்ப்பார்கள். காந்தியடிகள் வனஸ்பதியை எதிர்த்து எழுதினார். நெய்யில் இதைக் கலந்து விற்பதைக் கண்டுபிடிக்க அரசு ஓர் உபாயம் செய்தது: வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. நல்லெண்ணெய் கலந்திருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்க்கும்போது செந்நிறம் தோன்றிக் கலப்படத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. எண்ணெயில் ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது சில மூலக்கூறுகள் உருமாறி டிரான்ஸ் கொழுப்பு ஆகின்றன. அது இதயத்துக்குக் கேடு என்பது சபாட்டியரும் நார்மனும் இறந்து பல ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு எங்கள் வீட்டில் டால்டா வாங்குவதில்லை. டப்பா மட்டும் கறிவேப்பிலைச் செடியோடு பின்கட்டில் இருக்கிறது.

சபாட்டியர் 1929 வரை டீனாக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் முதுமையில் வகுப்பெடுக்க வருவதை விடவில்லை. நாடு போரில் தோற்றிருந்த வேளையில், 1941 ஆகஸ்டு 14ஆம் நாள், துலூஸிலேயே, 86ஆம் வயதில் காலமானார். அந்நகரின் ஒரு பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் அவர் பெயரைத் தாங்கி நின்றது. அவர் 1902இல் கண்ட வினை 2010இல் விண்ணுக்கும் சென்றது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஹைட்ரஜனோடு சேர்த்து, தண்ணீர் எடுக்கும் கருவியை அவ்வாண்டு பொருத்தினார்கள்.

என் அக்காளின் மேல்நிலை வகுப்பு வேதியியலில் எதிலீன் ஈத்தேன் ஆகும் பகுதியைப் புரட்டிப் பார்த்தேன். சபாட்டியர்–செண்டரன்ஸ் வினை என்றுதான் தலைப்பு இருக்கிறது. பரிசுப் பட்டியலில் இல்லாத பெயர் பாடத்தில் இருக்கிறது. தேர்வில் ஒரு பெயரை மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும் என்று அக்காள் சொன்னாள்.

இக்கட்டுரையை முதலில் படித்தவள் என் அந்தத் தோழிதான். நான் தவறாக எழுதியிருந்த இரண்டு ஆண்டுகளைத் திருத்திக் கொடுத்தாள். கண்காட்சியைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஆண்டு கண்காட்சிக்கும் விண்ணப்பம் அனுப்பிவிட்டோம். படிவத்தில் இப்போதும் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதற்குள் இரண்டு பெயர்களையும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருக்கிறோம்.